மேடத்தின் வயிறு

மார்ச் 4, சனி

விடியவே வெக்கை. காற்று இல்லை. துறைமுகப் பக்கத்து எண்ணெய் மணம் அறைக்குள். தோய்த்த சேலை இரண்டும் பத்து மணிக்கே காய்ந்துவிட்டன.

வெள்ளவத்தையில் விஞ்ஞானம் படிப்பித்த காலம், எட்டாம் வகுப்பில் ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "ரீச்சர், நல்லாச் சாப்பிட்ட வயிறையும் பிள்ளை இருக்கிற வயிறையும் எப்பிடிப் பிரிச்சு அறியிறது?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, "பொறுத்திருந்தால் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். சோம்பல் பதில். இன்று அதே கேள்வி வாசலில் வந்து நின்றது, நாலு காலில்.

கூட்டி வந்தது லெட்சுமி. எங்கள் தோட்டத்தின் கடைசி வீடு. (பெயர்தான் தோட்டம். ஒரு ஒழுங்கை, இருபது வீடு, ஒரு பைப். மரம் ஒன்றும் கிடையாது.) ஹற்றன் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து றோட்டுக் கூட்டும் வேலை. புருஷன் இல்லை. ஆட்டின் பெயர் மேடம். தலையை நிமிர்த்தி, ஒருவரையும் மதியாமல் நடக்கிறதாம்.

லெ. சொன்னது: தீபாவளி கழிந்து நாலாம் நாள் கிராண்ட்பாஸில் ஒரு கிடாயிடம் கொண்டு போய் வந்தாள். ஆடு சுமக்கிறது ஐந்து மாதம். இப்போது நாலு மாதம் முடிகிறது. வயிறு பெரிதுதான். ஆனால் மேடம் தின்கிறதும் பெரிது. மரக்கறிக் கடைக் கோவா (முட்டைக்கோஸ்) இலை, பேக்கரியின் பழைய பாண், கோயில் வாசல் வாழைப்பழத் தோல். போன கிழமை ஒரு சுவரொட்டி, பசையோடு.

"செனையா, தீனியான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும் டீச்சர்."

"மிருக வைத்தியரிட்டக் காட்டலாமே?"

"லீவுல போயிட்டாராம். அடுத்த மாசம் வரச் சொல்றாங்க. அதுக்குள்ள நான் போயிருவேன்."

எங்கே என்று கேட்டேன். மகள் வீட்டுக்கு, மலைக்கு. இந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை பொலிஸில் பிடித்துக் கொண்டுபோய் மர வாங்கிலில் இருத்தி வைத்துவிட்டார்களாம். அடையாள அட்டை இருந்தும். ஊர் ஹற்றன், இங்கே என்ன வேலை என்று கேள்வி.

"இந்த ஊரு போதும் டீச்சர். பேத்திக்கு டின் பால் ஒத்துக்கல, வாந்தி எடுக்குறா. கறக்குற ஆட்டோட போனா நான் அம்மா. வெறுங்கையோட போனா இன்னொரு வயிறு."

சினை இல்லையென்றால்? மாளிகாவத்தை மஹ்ரூப் நானா ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு தேடுகிறார். தையற்காரர். பதிலுக்குத் தன் பழைய தையல் மெஷின் ஒன்றைத் தருவாராம்.

"உமக்குத் தைக்கத் தெரியுமோ?"

"தெரியாது. மக பழகிக்குவா. மெஷினு பால் குடுக்காது, என்ன செய்ய."

கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. பெருநாளுக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சவர்க்காரம், சதுரக் கோட்டுக் கொப்பி, அளவு நாடா (பழையது இழுபட்டுவிட்டது, பொய் சொல்லும்).

மார்ச் 5, ஞாயிறு

வெக்கை. பின்னேரம் நாலு துளி மழை, வெறும் பகிடி.

கொமியூனிகேசன் என்கிற டெலிபோன் கடையில் தங்கச்சியின் அழைப்புக்குக் காத்திருந்து ஒரு மணித்தியாலம் வீண். அங்கே இருந்தவர்களிடம் ஆட்டுக் கதையை எடுத்தது என் பிழை. எல்லோரும் வைத்தியர்.

சலூன்காரர்: கண்ணைப் பார்க்க வேணும். சினை ஆட்டின் கண்ணில் ஒரு அமைதி.
மீன்காரி: காதிலே இரண்டு துளி தண்ணி விடு. தலையை மட்டும் ஆட்டினால் சினை, உடம்பு முழுக்க உதறினால் வெறும் வயிறு.
கடை முதலாளி: இரண்டுமில்லை, புழு.

முதலாளி சொன்னது மட்டும் உருப்படி. புழு இருந்தாலும் வயிறு தொங்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. வெளிறவில்லை. ஆகவே புழு இல்லை, அல்லது அதிகமில்லை. ஒன்று கழிந்தது.

தண்ணிச் சோதனையும் செய்தேன், ஒளிப்பானேன். மேடம் தலையை ஆட்டினது, உடம்பை உதறினது, பிறகு என் முழங்காலில் உதைத்தது. மூன்று விடை.

லெ.: "அதுக்குப் புடிக்கல டீச்சர்." எனக்கும்தான்.

மார்ச் 6, திங்கள்

காலை ஆறு மணி. இதமான காற்று, அரை மணித்தியாலம் மட்டும்.

முறையாகத் தொடங்கினேன். வேலைக்குப் போகமுன் லெ. ஆட்டைப் பைப்படியில் கட்டிவிட்டுப் போனாள். தீன் வைக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு:

அசைபோடும் மிருகத்தின் பெரிய இரைப்பை இடப்பக்கம். தின்றால் இடது பக்கம் மேலே உப்பும். குட்டி வளர்ந்தால் இரைப்பைப் பக்கம் இடமில்லாமல் வலப்பக்கம் கீழே தள்ளும். உதாரணம்: நெருக்கமான பஸ்ஸில் ஒரு சீட்டில் தடித்த மனிதர். பக்கத்தில் வந்து இருக்கிறவர் ஜன்னல் பக்கமாகத்தான் பிதுங்குவார், அவர் மேல் ஏற மாட்டார்.

மடி பார்த்தேன். சுருங்கித்தான் இருக்கிறது. ஆனால் சில ஆட்டுக்குக் கடைசி மாதம்தான் மடி இறங்கும். சாட்சி போதாது.

கிடாயைத் தேடிக் கத்துகிறதா? கத்துகிறது. எல்லாவற்றுக்கும் கத்துகிறது. அதுவும் போதாது.

அளவு: தீனுக்கு முன் 37 அங்குலம். தீனுக்குப் பின் 39½.

பிறகு பக்கம். ஆடு சுவரைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்தது. நான் பின்னால் ஸ்டூல் போட்டு இருந்து நன்றாகப் பார்த்தேன். அரை மணித்தியாலம். ஒரு பக்கம் தெளிவான புடைப்பு, கீழே தாழ்ந்து. மற்றப் பக்கம் மட்டம். கொப்பியில் படம் வரைந்து குறித்தது: புடைப்பு என் வலக்கைப் பக்கம். ஆகவே ஆட்டின் இடப்பக்கம்.

இடப்பக்கம் என்றால் இரைப்பை. இன்னும் இரண்டு காலை பார்த்துத்தான் சொல்வேன்.

பல்லு நோகிறது. கிராம்பு.

மார்ச் 8, புதன்

வெக்கை. பத்து மணிக்குக் கரண்ட் போய் மூன்றுக்கு வந்தது.

மூன்று நாள் அளவும் ஒரே மாதிரி. காலையில் இறங்குகிறது, தின்றதும் ஏறுகிறது. புடைப்பு அதே பக்கம். லெ. நாலு மணிக்கு வேலையால் வந்ததும் கூப்பிட்டு, கொப்பியைக் காட்டிச் சொன்னேன்.

"லெட்சுமி, இது சினை இல்லை. தீன் வயிறு."

நின்றாள். றோட்டுக் கூட்டும் தும்புத்தடியைக் கீழே வைக்கவேயில்லை.

"எனக்கு செனைன்னுதான் தோணுது டீச்சர். கொஞ்ச நாளா ஒரு பக்கமாவேதான் படுக்குது."

"படுக்கிறது பழக்கம். நீர் எந்தப் பக்கம் படுப்பீர்?"

"இருக்குற எடத்துல படுப்பேன்."

சிரித்தோம். பிறகு நான் இரைப்பை, கருப்பை, இடம், வலம், பஸ் சீட்டு எல்லாம் விளக்கினேன். நல்ல பாடம். இப்போது எழுதும்போதும் குறை ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அவள்,

"நீங்க படிச்சவங்க. சொன்னா சரிதான்."

அவள் முகம் நன்றாக இல்லை. உண்மை என்றால் உண்மைதான். வீண் நம்பிக்கையோடு ஆட்டை மலைக்கு ஏற்றி, அங்கே குட்டியும் இல்லை, பாலும் இல்லை என்றால்?

மார்ச் 9, வியாழன்

மஹ்ரூப் நானா பத்து மணிக்கு த்ரீவீலரில் வந்தார். மெல்லிய மனிதர், பெரிய குரல். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அதனால் கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"டீச்சர், ஒண்டு மட்டும் செல்லுங்க. வவுத்துல குட்டி ஈந்தா குர்பானுக்கு அறுக்கக் கூடாது. அத எங்கட பள்ளியில கேட்டுட்டுத்தான் வந்த."

"இல்லை நானா. நான் பார்த்தனான். மூன்று நாள்."

"நீங்க செல்லிட்டா முடிஞ்சு."

மெஷின் இறங்கியது. மரப் பெட்டி மூடி, கையால் சுற்றுகிறது. மேடம் ஏறியது. ஏறியது என்ன, பின் சீட்டில் தானே போய் இருந்து வெளியே பார்த்தது. சாரதி, "எங்க மேடம் போகணும்?" என்று கேட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தான். லெ. சிரிக்கவில்லை. கயிற்றை நானாவின் கையில் கொடுத்துவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 11, சனி

வெக்கை. கண்ணாடியின் கால் கழன்றது, நூலால் கட்டியிருக்கிறேன். யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து கடிதம் இன்றும் இல்லை. மூன்று மாதம்.

ஒழுங்கையில் கோவா இலை கிடந்து அழுகுகிறது. தின்ன ஆளில்லை.

லெ. கூப்பிட்டாள், மெஷினில் நூல் கோக்கத் தெரியுமோ என்று. கோத்துக் கொடுத்தேன். பழைய பாவாடைத் துணியில் ஒரு கோடு அடித்துப் பார்த்தாள். பாம்பு போல் போயிற்று.

"மக பழகிக்குவா" என்றாள் மறுபடியும்.

மார்ச் 14, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஐந்தரைக்குப் பொலிஸ் சுற்றிவளைப்பு. எங்கள் ஒழுங்கையும் பக்கத்து ஒழுங்கையும். ஆண்கள் ஒரு பக்கம் போனார்கள். பெண்கள் எல்லோரும் கோயிலுக்குப் பக்கத்து றோட்டில் வரிசை. இலேசான மழைத்தூறல். நான் அவசரத்தில் கொண்டையும் முடியவில்லை. லெ. எனக்குப் பக்கத்தில், அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

பொலிஸ்காரப் பெண் ஒருத்தி எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். பார்க்கக் கண்டிப்பு, குரலில் தூக்கக் கலக்கம். "ஐசி தியென அய தகுணட்ட!" அட்டை உள்ளவர்கள் வலப்பக்கம். சொல்லிக்கொண்டு இடக்கையை நீட்டினாள். எல்லோரும் அந்தக் கையின் பக்கம் நகர்ந்தோம்.

லெ. காதுக்குள்: "பாருங்க டீச்சர், எடது கையக் காட்டிட்டு வலதுங்கிறா. படிச்ச புள்ள!"

"சரியாத்தான் காட்டுறாள். எதிரே நிக்கிற ஆளுக்கு மாறும். அவளின்ர இடது எங்களுக்கு வலது. நானும் முப்பத்திரண்டு வருஷம் அப்பிடித்தான் காட்டினனான். தேகப்பியாசத்துக்கு 'வலக்கை மேலே' எண்டு சொல்லி இடக்கையைத் தூக்குவன். இல்லாட்டிப் பிள்ளையள் பிழைச்சுப் போகும்."

"அப்ப பின்னால நின்னு காட்டினா?"

"பின்னால நிண்டா மாறாது."

சொல்லி முடித்தேன்.

நான் ஆட்டுக்குப் பின்னால் அல்லவா இருந்தேன்.

அது சுவரைப் பார்த்தது. நானும் சுவரைப் பார்த்தேன். என் வலம்தான் அதன் வலம். மாற்றத் தேவையே இல்லை. முப்பத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாக மாற்றி எழுதிவிட்டது. கரும்பலகையில் மனிதப் படம் கீறினாலும் இப்படித்தான். இருதயம் இடப்பக்கம் என்று சொல்லிக்கொண்டு பலகையின் வலப்பக்கம் போடுவோம். அது சரி, படம் எங்களைப் பார்க்கிறது. மேடம் என்னைப் பார்க்கவில்லை.

புடைப்பு வலப்பக்கம். கீழே தாழ்ந்து. நாலு மாதம்.

வரிசை ஒரு மணித்தியாலம் நகரவில்லை. அந்த ஒரு மணித்தியாலமும் பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்லாமல் நின்றேன். பயம்தான், வேறென்ன. அட்டை பார்த்து விட்டார்கள், இந்த முறை லெ.வையும் விட்டார்கள். ஒழுங்கை வாசலில் வைத்துச் சொன்னேன்.

"லெட்சுமி, நான் பிழை விட்டிட்டன். பக்கம் மாறிப் போச்சு. அது சினையாத்தான் இருக்கும்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஈரச் சேலையைப் பிழிந்தாள். மெல்லச் சொன்னாள்:

"நான் சொன்னேனே டீச்சர்."

ஓம். சொன்னாள். ஒரு பக்கமாகவே படுக்கிறது என்றும் சொன்னாள். நான் பஸ் சீட்டை விளக்கினேன்.

பெருநாள் வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய். ஆட்டைத் திருப்பிக் கொண்டு வருகிறேன். வேறு வழி இல்லை.

மார்ச் 15, புதன்

வெக்கை. பல்லு வீக்கம், அதற்கு இப்போது நேரமில்லை.

லெ. வேலைக்கு அரை நாள் சொல்லிவிட்டு வந்தாள். 138 பஸ் இல்லை, 103 பஸ்ஸும் இல்லை, றோட்டு அடைப்பு. மருதானை வரை நடை, பிறகு த்ரீவீலர். மாளிகாவத்தையில் மாடி வீட்டுத் தொகுதி, கீழே சீமெந்து முற்றம். நானாவின் தையல் மேசை படிக்கட்டுக்குக் கீழே. மேடம் தூணில் கட்டியிருந்தது, பலா இலைக் குவியலுக்கு முன்னால். எங்களைப் பார்த்தது. திரும்பித் தின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றிவளைப்பு, பொலிஸ்காரி, கை, ஸ்டூல். நானா ஊசியை வாயில் வைத்தபடி கேட்டார். எடுத்தார்.

"டீச்சர், போன வியாழக்கெழம இல்லண்டீங்க. இண்டைக்கி ஈக்கிண்டீங்க. நாளைக்கி?"

"நாளைக்குச் சோதிச்சுக் காட்டுறன்."

"குர்பானுக்கெண்டு மனசார நிய்யத் வெச்ச ஆடு இது. சும்மா மாத்தேலா. வவுத்துல குட்டி ஈந்தா எனக்கு வாணாம், எடுத்துட்டுப் போங்க. இல்லாட்டி நான் குடுக்க மாட்டேன். சந்தேகத்துல ரெண்டும் செய்ய மாட்டேன்."

நியாயம். அவர் இடத்தில் நானும் அதையே சொல்வேன். பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்க ஆட்டைப் பறிகொடுக்கப் போகிறார், அதுவும் என் வார்த்தையால்.

அவர் மனைவி ஜெஸீமா உள்ளே இருந்து தேத்தண்ணி கொண்டு வந்தார். வாயில் வைக்கமுன் லெ. கேட்டாள்: "இன்னிக்கு ராத்திரி தீனி போடாம விடுவீங்களா? தண்ணி மட்டும்." நான் சொல்ல நினைத்ததை அவள் முந்திக்கொண்டாள். இரைப்பை வெறுமையாக இருந்தால்தான் மற்றது கைக்குப் படும்.

ஜெஸீமா: "செனையா ஈந்தா பட்டினி போடுறது பாவமில்லையா?"

"ஒரு ராத்திரிதானே தாயி. அது சுவரொட்டியவே தின்னு ஏப்பம் விட்டது."

வீட்டுக்கு வந்து பழைய விஞ்ஞானக் குறிப்புகளைத் தேடினேன். இரண்டு கொப்பி கறையான். மிச்சத்தில் பயனில்லை. இனிக் கையால் பார்ப்பதுதான்.

மார்ச் 16, வியாழன்

விடிய ஆறு மணிக்கே புறப்பட்டோம். லெ. மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்க வேண்டுமே. மருதானைக்கு முன் ஆமிச் சோதனை. பெட்டி மூடியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு ஆமிக்காரர் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். ஊசி மேலும் கீழும் போனது. திருப்தி. விட்டார்கள்.

மாளிகாவத்தை. பெருநாளுக்கு முதல் நாள் அரபா நோன்பு. நானாவும் ஜெஸீமாவும் பச்சைத் தண்ணியும் குடிக்கவில்லை, மேடமும் தின்னவில்லை. முற்றத்தில் மூன்று பட்டினிக்காரர். மேடம் மட்டும் கத்தியது.

முதலில் பக்கம். நான் பின்னால் நின்றேன். வலக்கையை உயர்த்தி, இதுதான் என் வலம், ஆட்டுக்கும் இதுதான் வலம் என்று எல்லோர் முன்னும் சொன்னேன். வெட்கமாக இல்லை. இரவு முழுக்கத் தின்னாமல் இடப்பக்கம் ஒட்டிக் குழி விழுந்திருந்தது. வலப்பக்கம் கீழே அப்படியே.

"பாருங்கோ நானா. தீன் இறங்கிப்போட்டுது. இது இறங்கேல்லை."

"காத்தா ஈக்கும்."

"காத்து மேலதான் நிக்கும். தட்டினா மத்தளம் மாதிரிக் கேக்கும்." தட்டினேன். கேட்கவில்லை. கீழே கனத்த சத்தம்.

அவர் இன்னும் இல்லையென்று தலையை ஆட்டினார். சரி. கைச் சோதனை.

என் கையை வைக்கப் போனேன். மேடம் உதைத்தது. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் உதை. லெ. சொன்னாள், "நீங்க தள்ளுங்க டீச்சர்." அவள் பின்னால் குனிந்து, ஏதோ ஒரு சத்தம் நாக்கால் தட்டி, இரண்டு கையையும் மடிக்கு முன்னால் வயிற்றுக்கு அடியில் கொண்டு போனாள். ஆடு நின்றது. மெதுவாக உயர்த்தினாள். விட்டாள். மறுபடியும். விட்டாள்.

ஒன்றுமில்லை.

நானா மணி பார்த்தார். மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "என்ன நானா, ஆட்டுக்கு ஸ்கேனா?" என்றார்.

லெ. கையை எடுக்கவில்லை. அங்கேயே வைத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. மேல் மாடிக்காரர் சிரித்து முடித்து உள்ளே போகும் அளவு நேரம். பிறகு அவளுடைய தோள் அசைந்தது.

"வந்து தட்டுது."

"என்ன தட்டுது?"

"கல்லு மாதிரி. போவுது. மறுபடி வருது."

நானா: "கோவாக் கட்டையா ஈக்கும்."

ஜெஸீமா முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தார். லெ.வின் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"யா அல்லாஹ். கோவாக் கட்ட ஒதைக்குமா? அஞ்சு பெத்தவ செல்றேன், இது குட்டி!"

நான் வைத்தேன், கடைசியாக. ஆடு இம்முறை உதைக்கவில்லை. முதலில் சூடு மட்டும். பிறகு உள்ளே இருந்து ஒரு சின்ன முழங்கால், அல்லது குளம்பு, அல்லது தலை. ஒரு தரம். என் கையை விலக்கச் சொல்கிற மாதிரி.

எழும்பக் கஷ்டப்பட்டேன். லெ. பிடித்து நிமிர்த்தினாள்.

பிறகு நானாவின் பிரச்சினை. நாளைக்குப் பெருநாள், ஆடு இல்லை. "இனி நான் எங்க போய்த் தேட?" குரல் பெரிதாக இல்லை. ஆடு கொண்டு வந்தவர்கள் எல்லாம் நேற்றே விற்றுவிட்டார்கள். நான் சொன்னேன், உங்களுக்கு ஒரு வழி பிறக்கும் வரை நான் இந்த முற்றத்தை விட்டுப் போகமாட்டேன் என்று. அவர் நம்பவில்லை. நான் மெஷின் பெட்டியின் மேல் இருந்தேன்.

பத்தரை மணிக்கு ஜெஸீமாவின் தம்பி வந்தார். அவர்கள் ஒழுங்கையில் குர்பான் மாட்டுக்கு ஏழு பேர் பங்கு சேர வேண்டும், ஆறு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், ஒரு பங்கு மிச்சம். நானா யோசித்தார். விரலை மடித்து ஏதோ கணக்குப் பார்த்தார். "சரி, என்ட பேரப் போடு."

கயிற்றை அவிழ்த்து லெ.விடம் கொடுத்தார். என்னைப் பார்த்து:

"டீச்சர், இனி நீங்க கெடாக்கு மட்டும் சாட்சி செல்லுங்க. அதுல பெழ வராது."

நன்றாகச் சிரித்தேன். தகும்.

திரும்பி வரும்போது அதே சோதனை, அதே ஆமிக்காரர். மெஷினைத் தேடினார். கயிற்றின் மறுநுனியைப் பார்த்தார். "மெஷிம கியா, எளுதென ஆவா!" மெஷின் போய்ப் பெட்டை ஆடு வந்ததாம். பக்கத்து ஆளையும் கூப்பிட்டுச் சொன்னார். மேடம் அவருடைய சப்பாத்துக் கயிற்றைச் சப்பப் பார்த்தது.

மருதானையிலிருந்து த்ரீவீலர் ஒன்றும் ஆட்டை ஏற்றவில்லை. எங்கள் கொட்டாஞ்சேனை வரை நடை. சினை ஆடு என்று மெதுவாக. ஒரு மணி வெயில். நான் குடை பிடித்தேன், ஆட்டுக்கு.

மார்ச் 17, வெள்ளி

ஹஜ்ஜுப் பெருநாள். பள்ளிவாசலில் தக்பீர் முழக்கம். வெக்கை, ஆனால் பின்னேரம் நல்ல மழை. ஒழுங்கை கழுவுப்பட்டது.

நானா ஜெஸீமாவின் தம்பியிடம் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். லெ.வுக்கும் எனக்கும் தனித்தனிக் கோப்பை. இறைச்சி லெ.வுக்கு மட்டும், எனக்கு வேண்டாமென்று அவருக்குத் தெரியும்.

லெ. ஞாயிறு போகிறாள். புறக்கோட்டைக்கு மரக்கறி கொண்டு வரும் லொறி வெறுமையாகத் திரும்பும், ஹற்றன் வரை ஏற்றுவார்கள். ஆடு பின்னால், அவளும் பின்னால். கிராம சேவகரின் கடிதம் எடுத்துவிட்டாள். ஆட்டுக்கும் ஒரு கடிதம் வேணுமோ என்று கேட்டாள், பகிடி இல்லை, உண்மையாக. கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கேட்டேன். வேணுமாம். நாளைக்கு எடுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு முன் போனால் வரிசை குறைவு.

பிறகு சொன்னாள்:

"பொறக்குறது பொட்டக் குட்டின்னா, அதுவும் வளந்து ஒரு நாளு இப்புடித்தானே நிக்கும். எப்புடிப் பாக்குறதுன்னு எழுதிக் குடுங்க டீச்சர். எனக்கு வாசிக்கத் தெரியாது. மக வாசிப்பா."

"உமக்குத்தான் பார்க்கத் தெரியுமே."

"நான் எத்தன நாளைக்கி இருக்கப் போறேன்?"

இரண்டு பக்கம் எழுதினேன். இரைப்பை, கருப்பை, படம், பஸ் சீட்டு. கிழித்தேன். மறுபடி ஒரு பக்கம். கிழித்தேன். லெ.வின் மகள் தேயிலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அரை நிமிடம் நின்று வாசிக்கப் போகிற கடதாசி இது. இப்போது இதுதான் நிற்கிறது, இதையே கொடுக்கிறேன்:

காலையில் தீன் வைக்கமுன் ஆட்டுக்குப் பின்னால் நில். உன் வலப்பக்கம்தான் அதன் வலப்பக்கம், மாற்றாதே. இரண்டு கையையும் மடிக்கு முன்னால் வயிற்றின் அடியில் வை. மெதுவாக உயர்த்தி விடு. விட்ட பிறகு, நூறு எண்ணும்வரை கையை எடுக்காதே.